பெட்டி மூடக் காத்திருந்தோம்

என் அக்காள் மகள் தங்கபாய், இப்போது நாகர்கோவிலில் பாட்டு டீச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் சென்னைக்குப் போய் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தாள். பாட்டோடு ஒரு துணைப்பாடமும் எடுக்க வேண்டுமாம். இவள் எடுத்தது மனோதத்துவம். அடக் கஷ்டகாலமே, உலகத்தில் வேறு பாடமே இல்லையா!

அந்த வகுப்பில் ஒருவர் வயலின் வாசிப்பார். கேட்கக் கேட்க மனசுக்குள் என்ன எழும்புகிறது, எங்கே அடங்குகிறது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். தங்கபாய்தான் அதில் முதல். லீவுக்கு வந்தால் மீன்குழம்பு சாப்பிடும்போதுகூடத் தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ருசியா இருக்கா மக்கா?" என்றால் கண்ணை மூடி உள்ளே தேடுவாள். ஒருநாள், "சித்தி, பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல" என்றாள். பசி என்று நினைத்து இன்னும் இரண்டு அகப்பை சோறு போட்டேன்.

மூன்றாம் வருஷம் அக்காள் செத்துப்போனாள். தந்தி கிடைத்து, திருநெல்வேலி வரை ரயில், அப்புறம் பஸ் என்று வந்து சேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் மகள் அழாமல் சவப்பெட்டியை மூடுவதில்லை. தாய் அந்த அழுகையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மத்தியானம் தாண்டியது. போதகர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். தங்கபாய் காய்ந்த கண்ணோடு நின்றாள்.

"அழு மக்கா. ஒனக்க அம்மையல்லா?"

"அழத்தான் நிக்கேன் சித்தி. வரமாட்டேங்கு."

படித்த திமிர் என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டிலாவது உருகட்டும் என்று அக்காளுக்குப் பிடித்த கீர்த்தனையை எடுத்துவிட்டேன். அவளும் பாடினாள். என்ன குரல்! வீடே அழுதது. அழுகையில் எங்கள் எல்லாருக்கும் சுருதி இறங்கிப்போனது. அவள் கையை உயர்த்தி எங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

பாட்டு முடிந்ததும் என்னை உள்ளறைக்கு இழுத்துப்போனாள்.

"என்னை அடிங்க சித்தி. அம்மைய மூடணும்லா."

ஓங்கித்தான் அடித்தேன். கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது.

"வலிக்கா மக்கா?"

"வலிக்கு. கன்னத்தோட நின்னுட்டு, உள்ள போகல்ல."

எனக்கு நெஞ்சு வெடித்தது. கதவைச் சாத்திவிட்டு, அவள் குரல் மாதிரியே, "எம்மா, எம்மா" என்று நான் கதறினேன். வெளியே ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். தங்கபாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.