அளவுக்கு மீறிப் பாஸான வேன்

'நிலையப் பொறுப்பாளர்: ஆட்டோமொபைல் பட்டயம் பெற்றவர், கனரக வாகன ஓட்டுநர் உரிமம் உடையவர், திடகாத்திரமான ஆண்.'

1996-இல் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றின் புகைப் பரிசோதனை அறையில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் உட்கார்ந்திருந்தவள் அருள்மேரி. நாற்பத்திரண்டு வயது, டைப்ரைட்டிங் லோயர் பாஸ், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மார்கழி பிறந்தால் இழுப்பு வேறு. தாளுக்கு உரியவரான ஜீவரத்தினம் துபாய் போய் எட்டு மாதமாகியிருந்தது. பில் போட வந்தவள் தலையில் மெஷினும் விழுந்தது. புகை ஒத்துக்கொள்ளாதவளுக்குப் புகையில்தான் பிழைப்பு.

வேலை என்னவோ எளிதுதான். மெஷினின் குழாயைச் சைலன்சருக்குள் செருக வேண்டும், எண்ணைப் பார்க்க வேண்டும், முத்திரை குத்த வேண்டும். வண்டிக்காரர்கள் வெளியே கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிவிட்டு உள்ளே வருவார்கள். பாஸானதும் இருபதடி தள்ளிப் போய்ப் பழையபடி திருகிக்கொள்வார்கள். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும், திருகல் இருபதடி செல்லும். அருள்மேரிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்வதற்கில்லை என்பதும் தெரியும்.

அன்று மத்தியானம் குப்பன் பள்ளி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். பத்து வருஷத்து வண்டி. மூன்று சதவீதம்வரை கார்பன் மோனாக்சைடு இருக்கலாம் என்பது சட்டம். அந்த வயதில் ரெண்டரை காட்டினாலே அதிசயம். இது பாயிண்ட் மூணு காட்டியது.

"பாத்தியா மேடம், நம்ம வண்டி கொயந்த மாதிரி" என்றான் குப்பன்.

அருள்மேரி முத்திரையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். எட்டு மாதத்தில் புது வண்டிகூட இந்த எண்ணைக் காட்டியதில்லை. இன்ஜின் ஓடினால் புகை வந்தே தீரும். பின்னால் வரவில்லை என்றால் வேறெங்கோ போகிறது.

"குப்பன், பிள்ளைங்க வாந்தி எடுக்குதா?"

"அது டெய்லி கீது. மாங்கா துன்னுதுங்க, வாந்தி எடுக்குதுங்க. நடு சீட்டுப் பசங்க மட்டும் ஏறுன உடனே தூங்கிடும். தங்கமான பசங்க மேடம்."

அவள் ஒரு சாக்கை நனைத்து, வேனின் சைலன்சர் வாயில் வைத்து அழுத்தினாள். வாயை அடைத்தால் இன்ஜின் திணறி நிற்க வேண்டும். இது பாட்டுக்கு ஓடியது. நடு சீட்டுக்கு அடியிலிருந்து புஸ் புஸ்ஸென்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தாள். சைலன்சர் குழாயில் விரல் நுழையும் ஓட்டை. அதற்கு நேர் மேலே வேனின் தரையும் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. இன்ஜினை அணைத்துச் சாவியை உருவினாள். வண்டி விஷயத்தில் அவளுக்கு அணைக்க மட்டும் தெரியும்.

"இன்னா மேடம், மெஷினே பாஸுன்னு சொல்லிச்சு. நீ இன்னா புதுசா பேஜார் பண்ற?"

சத்தம் கேட்டு பங்க் முதலாளி லோகநாதன் வந்தார். "என்ன அருள்மேரி, பெயிலானவனையும் நிறுத்தறே, பாஸானவனையும் நிறுத்தறே. நீ எனக்கு வாத்தியாரா வந்திருந்தா நான் ஒண்ணாங்கிளாஸே தாண்டியிருக்க மாட்டேன்."

"புகை பிள்ளைங்க மேல போகுது சார். அதுல மயங்கித்தான் தூங்குதுங்க."

"ஃபாரத்துல அதுக்கு இடம் இருக்கா?"

இல்லை. எண்ணுக்கு மட்டுந்தான் இடம். "அப்ப சர்டிபிகேட்டைக் குடு. முடியாதுன்னா சொல்லு, நாளைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

அவள் சான்றிதழை நிரப்பி, முத்திரை குத்திக் குப்பனிடம் நீட்டினாள். அவன் சாவிக்கும் கையை நீட்டினான்.

"ஓட்டைக்கு வெல்டிங் வெச்சிட்டு வந்து சாவியை வாங்கிக்குங்க. கடை வரைக்கும் தள்ளிட்டுப் போகலாம்."

"மூணரைக்கு ஸ்கூல் வுட்ரும். பதினோரு பசங்க கேட்ல நின்னுகினு இருக்கும். ஊரப்பாக்கம் வரைக்கும் யாரு இட்டுகினு போறது, நீயா?"

அருள்மேரி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்று மணிக்கு அறையைப் பூட்டினாள். குப்பனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்து போனாள். பதினோரு பிள்ளைகளையும் ரயிலில் ஏற்றி, ஊரப்பாக்கத்தில் இறக்கி, ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய் விட்டாள்.