அம்மா நிறுத்திய கத்தி

யூடியூப் பார்த்து, அப்பாவின் பழைய சவரக்கத்தியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். துருவிலிருந்து கிளம்பிய இரும்பு வாசனையில் நான் வளர்ந்த மாட்டுங்கா லேபர் கேம்ப் வீடு நினைவில் வந்துவிட்டது.

மில்லில் அப்பாவின் வலதுகை நசுங்கியபின், ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகுமுன் அம்மாதான் அவருக்குச் சவரம் செய்வாள். பின்சுவரை ஒட்டித் தண்டவாளம்; ரயில் போனால் வீடே குலுங்கும். கத்தி தொண்டையருகே இருக்கையில் அம்மா சட்டென்று கையைத் தூக்குவாள்.

“வண்டி வருது. அசையாதிய.”

“எங்கட்டி? எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

அதன்பிறகுதான் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கத் தொடங்கும். அப்பா கழுத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

இன்று கத்தி தயாரானது. திலக் நகரில் இப்போதிருக்கும் ஏழாவது மாடி வீட்டில், கண்ணாடிமுன் நின்று கன்னத்தில் வைத்தேன். கீழே எங்கோ ரயில் சத்தம். கட்டடம் அசையவில்லை. என் கைமட்டும் உயர்ந்து, வண்டி போகும்வரை காத்திருந்தது.