முழுதாய் முறுக்கிய கிராமபோன்

உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதென்று விற்ற கம்பெனி கைவிரித்ததால், சுற்றாமல் நின்றுபோன கிராமபோனை ரிக்‌ஷாவில் ஏற்றி, சிராங்கூன் சாலையில் இருந்த என் கடிகாரக் கடைக்குக் கொண்டுவந்தார் மீனாட்சி அக்கா. நின்றுபோன பெட்டிதானே, வில் தளர்ந்தே இருக்கும் என்று, சுருள்வில் இருந்த டப்பாவின் மூடியைத் தளர்த்தினேன். அது என் உள்ளங்கையில் உறுமியது. வில் முழுதாய் முறுக்கேறியிருந்தது. பிடி நழுவினால் விரல்கள் போய்விடும்.

“யாரு அக்கா இத முறுக்கினது?”

“நான்தான். இரவல் வாங்கின பாத்திரத்தக்கூட வெறுமையா திருப்பிக் கொடுக்க மாட்டோமே, அதான் நல்லா முறுக்கிக் கொண்டாந்தேன்.”

“வெளிய போயிடுங்க அக்கா.”

அவர் போகவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, என்னோடு சேர்ந்து மூடியை அழுத்தினார். திருகாணியை நான் மறுபடி இறுக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

சரிசெய்து கொடுத்த அன்று, நானும் அதை வெறுமையாகக் கொடுக்கவில்லை. கொஞ்சம் முறுக்கித்தான் கொடுத்தேன்.