இறால் ஓட்டைப் பார்க்கப் போனவள்

இறால் உரிக்கும் கூடத்தில் அவளை எல்லோரும் 'எதுக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ் பெட்டியை இடம் மாற்றினால் எதுக்கு என்பாள். கையுறையின் நிறம் மாறினால் அதற்கும் ஓர் எதுக்கு. அவள் எழுந்து வருவதைப் பார்த்தாலே சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொள்வார்.

உரித்த ஓடெல்லாம் கூடத்துக்குப் பின்னால் ஒரு குழியில் போய் விழும். வெயில் ஏறினால் அந்தப் பக்கம் மூக்கைக் காட்ட முடியாது. அதை அள்ளிக்கொண்டு போவதற்கென்று ஒருநாள் வேன் வந்து நின்றது. நாறாத ஓடுதான் வேண்டும், கழுவித் தர வேண்டும் என்று நிபந்தனை வேறு. மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கோ மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"எதுக்குப்பா இது?" என்று டிரைவரை மடக்கினாள்.

"காலேஜ்ல இதை வச்சு சாயத் தண்ணியைச் சுத்தம் பண்றாங்களாம்க்கா. எனக்கு அவ்வளவுதான் தெரியும். வேணும்னா வந்து கேட்டுக்கோங்க."

அவன் பேச்சுக்குத்தான் சொன்னான். அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுவாரமே லீவு போட்டாள். மின்விசிறிக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஓட்டைப் பாக்கப் போறேன்."

"சமையக்கட்டுக் கூரையில இருக்கற ஓட்டையைத்தான் தினம் பாக்கறியே, பத்தலையா?"

"அது நீங்க அடைக்க வேண்டிய ஓட்டை. நான் பாக்கப் போறது இறால் ஓட்டை."

காலேஜ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆராய்ச்சியாளர் அவளைவிட வயதில் சின்னப் பெண். வந்தவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஓட்டிலுள்ள சுண்ணாம்பை அமிலத்தில் கழற்றுகிறார்கள். மிச்சத்தைக் காரத்தில் வேகவைத்தால் வெளுத்த செதில் கிடைக்கிறது. அதை வினிகரில் கரைத்துப் பசையாக்கி உறையவைக்கிறார்கள். பிறகு காற்றை உறிஞ்சிவிட்ட பெட்டிக்குள் வைத்தால், ஐஸ் உருகாமலே ஆவியாகிப் போய்விடுகிறது. ஐஸ் இருந்த இடமெல்லாம் பொடிப்பொடிப் பொந்துகள்.

"இதுக்குப் பேரு ஏரோஜெல்" என்று ஒரு வெள்ளைக் கட்டியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

வைத்தாரா, வைப்பதுபோல் பாவனை செய்தாரா என்று அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. கனமே தெரியவில்லை. முகர்ந்து பார்த்தாள்.

"இறால் வாடையே காணோமே!"

கட்டியை நீலத் தண்ணீரில் போட்டார்கள். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வெளிற, கட்டி நீலமாகியது. மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு அவள் குனிந்து பார்த்தாள்.

"இது நீங்க கலக்கின நீலம். எங்க தெருவுக்குப் பின்னாடி சாயப்பட்டறைக் கழிவு ஓடுற கால்வாய்த் தண்ணிக்கு இது கேக்குமா மேடம்?"

"தெரியலைக்கா. கொண்டு வாங்க, போட்டுப் பாத்துடலாம்."

அடுத்த தடவை ஒரு கேனில் கொண்டுபோனாள். கட்டி ஊறியதுதான் மிச்சம். தண்ணீர் கறுப்பாகவே நின்றது. சொந்தப் பிள்ளை பெயிலானதுபோல் அவள் முகம் தொங்கிவிட்டது. ஆராய்ச்சியாளரோ உற்சாகமாகிவிட்டார்.

"சாயப்பட்டறைத் தண்ணில உப்பு, சோப்பு எல்லாம் கிடக்குதுக்கா. சாயம் ஒட்ட வேண்டிய இடத்துல அதுங்க உக்காந்துக்குது. இன்னும் கொஞ்சம் கொண்டு வருவீங்களா?"

அதிலிருந்து ஓட்டோடு சேர்ந்து கேனும் வேனில் ஏறத் தொடங்கியது. பட்டறையில் சாயம் மாறினால் புதிய கேன். முடிந்த வாரங்களில் அவளும் ஏறிப் போனாள். ஆராய்ச்சியாளர் பக்குவத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டி கூழாகிப்போயிற்று. இன்னொன்று ஊதிப் பெருத்துப் பிளந்தது. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு கட்டி, கால்வாயின் கறுப்பை இளம் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்தது.

"குடிக்கலாமா?"

"ஐயோ, வாய்ப் பக்கமே கொண்டுபோகாதீங்க! நிறம்தான் குறைஞ்சிருக்கு."

அவள் சாயமேறிய கட்டியைக் காட்டினாள். "இப்ப இதை என்ன பண்றது?"

"காரத் தண்ணில அலசினா சாயம் கழண்டுடும். கட்டியைத் திரும்ப உபயோகிக்கலாம்."

"அலசின தண்ணி? அழுக்கு இடம் மாறிடுச்சு, அவ்வளவுதானா?"

ஆராய்ச்சியாளர் சிரித்தார். "ஒரு அண்டாவுல இருந்ததை ஒரு டம்ளருக்குள்ள அடக்கியிருக்கோம்க்கா. அந்த டம்ளரை என்ன பண்றதுன்னுதான் இப்ப யோசிச்சிட்டிருக்கேன்."

"யோசிங்க" என்று ஸ்டூலை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள் அவள். "வேன் கிளம்ப இன்னும் நேரமிருக்கு."