நடு வரிசைக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்

பாக்கியத்தக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கேரட் கழுவிக்கொண்டிருந்தேன். கேத்தியில் கட்டிக்கொடுத்த என் மகள் மூட்டையாக அனுப்பியிருந்தாள். அவள் வீட்டில் கேரட் எடுக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் வேறு குழம்பே கிடையாது. அது இருக்கட்டும். போன் அடித்தது, ஈரக்கையோடு எடுத்தேன். திருப்பூரிலிருந்து அக்காவின் மகன் சேகர்.

"அத்தை, அம்மா போயிட்டாங்க."

காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"எப்பக் கொண்டாறீங்க கண்ணு?"

"இங்கயே முடிச்சிரலாம்னு பாக்கறோம் அத்தை. மேல இருக்கற எடத்தை வெலை பேசியாச்சில்ல. சமாதி கிமாதி இருந்தா வேண்டாங்கறாங்க வாங்கறவங்க."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அரவேணுவுக்குக் கீழே எங்கள் சரிவில் குடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அக்கா வாழ்நாள் முழுக்கக் கேட்டது ஒன்றைத்தான். "நான் செத்தா என்ட மண்ணுல வைங்க. வேற ஒன்னும் வேணாம்." கல்யாண வீட்டிலும் சொல்வார், குழாயடியிலும் சொல்வார். பச்சைத் தேயிலை ஏற்ற வரும் லீஃப் லாரிக்காரர் ஒருநாள், "ஏனுங்கக்கா, அதுக்கு இப்பவே என்னுங்க அவசரம்?" என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பது சிறியவர்களுக்குத் தெரிந்திருக்காது. அக்கா சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஒரே கூரை, வரிசையாக அறைகள், அதில் எதுவும் இவர்களுடையது இல்லை. அவருடைய அம்மாவைத் தோட்டத்து மேட்டில்தான் புதைத்தார்கள். அடுத்த மழைக்கு நிர்வாகம் அந்த மேட்டிலும் தேயிலை நட்டுவிட்டது. "அம்மா எங்கன்னு யாராச்சும் கேட்டா நான் எந்தச் செடியக் காட்டுவேன் புள்ள?" என்பார். கப்பலேறி இந்தப் பக்கம் வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் அந்தக் கேள்வியும்தான் அவரிடம் இருந்தன.

நாங்கள் காரமடைப் பக்கத்திலிருந்து மேலேறி வந்தவர்கள். அந்தக் காலத்தில் இந்தச் சரிவு முழுக்க உண்ணிச்செடிப் புதர். வெட்டினவருக்கு வெட்டின இடம், அவ்வளவுதான் கணக்கு. எல்லைக் கல் கிடையாது, காகிதம் கிடையாது. அக்காவும் அவர் வீட்டுக்காரர் மாரிமுத்து அண்ணனும் எங்களுக்குப் பக்கத்தில் வெட்டினார்கள். வெட்டி முடித்த அன்று அக்கா ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகக் கூட்ட ஆரம்பித்தார். வாசலை அல்ல, மலைச்சரிவை! என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏனுங்கக்கா, காடு முச்சூடும் கூட்டுவீங்களாட்ட இருக்குதே?"

"என்னுது தானே. கூட்டுறேன்."

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விளக்குமாற்றுச் சத்தத்தைச் சொல்லவில்லை. 'என்னுது' என்று சொன்ன சத்தம்.

அந்த மழையில் இரண்டு வீடும் தேயிலை நாற்று வைத்தோம். அவர்கள் அந்தப் பக்கமிருந்து நட்டுக்கொண்டு வர, நாங்கள் இந்தப் பக்கமிருந்து நட்டுக்கொண்டு போக, நடுவில் ஒரு வரிசைக்கு மட்டும் இடம் மிஞ்சியது. சும்மா விட யாருக்கும் மனசில்லை. அவர்கள் ஒரு நாற்று, நாங்கள் ஒரு நாற்று என்று மாற்றி மாற்றி வைத்தோம். வளர்ந்து அடர்ந்த பிறகு எது யாருடையது என்று சாமிக்கும் தெரியாது. எங்கள் எல்லை அந்த வரிசைதான். நடு வரிசை என்றே பேர் வந்துவிட்டது.

அதற்கு ஒரு முறை இருந்தது. தேயிலைச் செடியின் தலை மேசை மாதிரி தட்டையாக இருக்கும். இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினால் அந்தப் பக்கத்துக் கொழுந்தும் எட்டும். அதனால் ஒருத்தி மட்டும் தனியாக நடு வரிசையில் கை வைப்பதில்லை. அவர் அந்தப் பக்கம் நிற்க வேண்டும், நான் இந்தப் பக்கம் நிற்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்தே நகர வேண்டும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் வரிசை காத்திருக்கும். இலை முற்றிப்போய் லாரிக்காரர் வேண்டாம் என்று தள்ளினாலும் காத்திருக்கும். அக்காவுக்குக் கை வேகம். சிலோன் கை. அவர் செடியை முடித்துவிட்டு நான் முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நிற்பார். "நீ பறிக்கிறியா, செடிக்குப் பேன் பாக்குறியா?" என்று கேட்பார்.

காட்டெருமை வந்த கதையைச் சொல்லாமல் போனால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார். நல்ல மூடுபனி. இரண்டு பேரும் நடு வரிசையில் எதிரெதிராக நிற்கிறோம். அக்கா குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னார்.

"புள்ள, திரும்பாத. பறிச்சிக்கிட்டே என் பக்கமா வந்துரு."

"வரிசையத் தாண்டியாக்கா?"

"பின்னாடி மாடு நிக்குதுடி! அதுகிட்டயா எல்லை கேக்கப் போற?"

செடிமேல் விழுந்து அந்தப் பக்கம் உருண்டேன். காட்டெருமை எங்களைப் பார்த்துவிட்டு, பெரிய மனுசன் மாதிரி மெதுவாக இறங்கிப் போனது. புடவை கிழிந்ததுதான் மிச்சம். அத்தனை வருஷத்தில் அந்த வரிசையை நான் தாண்டியது அன்று ஒருநாள்தான்.

ஆண்கள் விஷயம் வேறு. ஒரு தடவை நாங்கள் தேர்த் திருவிழாவுக்குக் காரமடை போயிருந்தபோது மாரிமுத்து அண்ணன் நடு வரிசை முழுவதையும் கவாத்து வெட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் மொட்டைக் குச்சிகள் நிற்கின்றன. என் வீட்டுக்காரர் குதித்தார்.

"என்ற பக்கத்தை வெட்ட நீங்க யாருங்க?"

"பாதிச் செடிய எப்புடிய்யா வெட்டுறது? ஒரு பக்கம் கிராப்பு, ஒரு பக்கம் குடுமியாவா?"

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. எங்களையும் பேசக்கூடாது என்றார்கள். செடி துளிர்த்துக் கொழுந்து வந்தபோது நானும் அக்காவும் எதிரெதிரே நின்று வாயைத் திறக்காமல் பறித்தோம். கைகள் தொடுகிற தூரம், பேச்சுதான் இல்லை. பிறகு ஒருநாள் அக்கா குனிந்து செடியிடம் பேசினார்.

"செடியே, எதிர்ல நிக்கிறவ வீட்டுல இன்னைக்கி என்னா கொழம்புன்னு கேளு."

நானும் செடியிடமே சொன்னேன். "கொள்ளுப் பருப்புன்னு சொல்லு செடி."

"எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லு."

அப்புறம்தான் சர்வேயர் வந்தார். பட்டா கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரே பரபரத்தது. அவர் எங்கள் பக்கம் வந்த நாளில் என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட், மாரிமுத்து அண்ணன் குன்னூர் போயிருந்தார். காலையில் சர்வேயர் அக்காவிடம் எல்லை எதுவரை என்று கேட்டிருக்கிறார். சண்டை இத்தோடு ஒழியட்டும் என்று அக்கா, "வரிசைக்கு இங்கிட்டு மட்டுந்தான் எங்களுது. வரிசை அவங்களுது" என்று காட்டியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. மத்தியானம் என்னிடம் வந்தார். நானும் சண்டை ஒழியட்டும் என்றே நினைத்துக்கொண்டு, "வரிசைக்கு இந்தப் பக்கம் வரைக்குமுங்க. வரிசை அக்காளுதுங்க" என்றேன். சர்வேயருக்கு மலையேறி மூச்சு வாங்கியது. இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டு, வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு கல், இந்தப் பக்கம் ஒரு கல் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். நடு வரிசை யாருக்கும் இல்லாமல் அரசாங்கத்து வழி ஆகிவிட்டது.

சாயங்காலம் இரண்டு பேரும் கல்லைப் பார்த்தோம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"நீ எதைக் காட்டின புள்ள?"

"நீங்க எதைக்கா காட்டினீங்க?"

அக்கா செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஆண்கள் வந்தார்கள், விஷயம் தெரிந்தது. "இதுகளை நம்பி ஊட்டுல உட்டுட்டுப் போனோம் பாருங்க!" என்று என் வீட்டுக்காரர் மாரிமுத்து அண்ணனிடம்தான் முறையிட்டார். பேச்சு வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து தாலுகா ஆபீசுக்கு அலைந்தார்கள். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அங்கே இழுத்தடிக்க, எதிர் டீக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்ந்துவிட்டார்கள். வரிசை திரும்பி வரவில்லை. நாங்கள் பறிப்பதை யாரும் தடுக்கவும் இல்லை. சொந்த மண், சொந்த மண் என்று ஏங்கின மனுஷி ஒரு வரிசையை அப்படிக் கொடுத்துவிட்டார் என்பதை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பட்டா கைக்கு வருவதற்குள் மாரிமுத்து அண்ணன் போய்விட்டார். "இன்னும் நம்ம பேருல எழுதல. எழுதாத மண்ணுல வைச்சா யாராச்சும் மேல செடி நட்டுருவாங்க" என்று அக்காதான் அவரை ஊர் இடுகாட்டுக்கு அனுப்பினார். பிறகு பட்டா வந்தது. அக்கா அதை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டு, "இனி எனக்கு எடம் இருக்கு" என்றார். வீடு கட்ட இடம், காய்கறி போட இடம் என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். படுக்க இடம் கிடைத்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

முட்டி வலி வந்து படியேற முடியாமல் போனதும் சேகர் திருப்பூருக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்து போன் போடுவார். லாரி ஹாரன் அடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போடுவார்.

"நடு வரிசையில கொழுந்து வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

"என் பக்கம் யாரு எடுக்குறா?"

"யாரும் எடுக்கலீங்க."

"நீ எடுத்துக்கயேன்."

"மாட்டேன். நீங்க வாங்க."

"வாரேன், வாரேன். ஒரேயடியா வாரேன்" என்பார்.

சேகரைக் குறை சொல்ல மாட்டேன். வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருக்கிறவன். அவனுக்கும் சொந்தமாக ஒரு சுவர் வேண்டும், அதற்குத்தான் விலை பேசினான். அவனும் அவன் அம்மா பெற்ற பிள்ளைதானே. அதனால் அன்று போனில் சண்டை போடவில்லை. "நீ கொண்டா கண்ணு. மத்ததை இங்க பேசிக்கலாம்" என்றேன்.

வண்டி மேலே வந்தது. உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். அக்காவை அவர் வீட்டு வாசலில்தான் இறக்கினோம். வாங்குகிறவர்களின் ஆள் ஒருவர் வந்து ஓரமாக நின்றார், மரியாதையான மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். ஆனால் இடத்தில் குழி வெட்டினால் பேச்சு முறிந்துவிடும் என்றார். இடுகாடு என்றார்கள் சிலர். நடு வரிசையில் வைத்தால் என்ன என்றார் ஒருவர். அது வழி என்று எழுதியது, ஆள் படுக்க அகலமும் இல்லை. சேகர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

"என்ற பக்கத்துல வெட்டுங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் மகன் குமார் அருகில் வந்து காதோடு சொன்னான். "அம்மா, நாளைக்கு நம்ம எடத்தையும் யாரும் வாங்க மாட்டாங்க."

"விக்கறதுன்னு யாருடா சொன்னா? நான் இன்னும் சாகவே இல்ல, அதுக்குள்ள வெலை பேசறே."

பெரியவர் ஒருவர், "நல்லா ரோசனை பண்ணிக்க அம்மிணி. ஒருக்கா வெச்சா எடுக்க முடியாது" என்றார்.

"எடுக்கறதுக்கா வெக்கறோமுங்க?"

சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அத்தை, அம்மா கேட்டது அவங்க சொந்த மண்ணு. இது உங்க மண்ணு."

"எங்க ஊட்டு மண்ணுக்கு உங்கம்மா வேத்தாளா?"

குமார்தான் முதலில் கடப்பாரையைத் தூக்கினான்.

ஆனால் சேகர் சொன்னது சரிதான். அக்கா ஏங்கினது தன் மண்ணுக்கு. நான் கொடுத்தது என் மண். அது இரண்டும் ஒன்று இல்லை. ஒரு வரிசை தூரத்தில் எட்டாமல் போய்விட்டது அவருடைய ஆசை. அவர் தலைமாட்டில் தேயிலை வைக்க வேண்டாம் என்று குமாரிடம் சொல்லியிருக்கிறேன், என் காலத்துக்குப் பிறகும் வைக்க வேண்டாம் என்று. சரி என்றான். அங்கே புல் மட்டும் முளைத்திருக்கிறது. யாராவது வந்து பாக்கியம் எங்கே என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவேன்.

அக்காவின் புடவைகள் மருமகளுக்குப் போயின, பெட்டி சேகருக்கு. எனக்கு வந்தது அவர் இல்லாமல் கை வைக்காத அந்தப் பழக்கம் ஒன்றுதான். மற்ற செடிகளை எல்லாம் பறித்துக்கொண்டு வருகிறேன், நடு வரிசை வந்ததும் கை தானாக நிற்கிறது. அந்தப் பக்கம் பறிக்க ஆளில்லாமல் வரிசையே ஆள் உயரம் வளர்ந்து வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. இத்தனை காலம் எதிரில் நின்றவர் இப்போது என் பக்கத்தில், என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன், வரட்டும் என்று.