பெட்டியில்லாமல் வாங்கிய மதர்போட்

இவருக்கு ஒரு பாடப்புத்தகத்தின் பக்கங்களை அமைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்த அதே கிழமையில் எங்கள் கணினி செத்துப்போனது. இவர் என்று நான் சொல்வது என் கணவரை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறேன், இனி மாற்ற முடியாது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஓர் அறையும் குசினியும் இருந்தன. கணினியைத் திறந்து பார்த்தால் மதர்போட்டில் இருந்த சின்ன உருளைகள் ஊதி வெடித்திருந்தன. வேறு போட் வாங்காமல் ஒரு பக்கம்கூட நகராது.

அந்தச் சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த சனம் எதையும் நிரந்தரமென்று வாங்குவதில்லை. ஓர் அலுமாரி வாங்கினாலும் போகும்போது யாருக்கு விற்கலாம் என்று யோசித்துத்தான் வாங்குவார்கள். விசா வரலாம், பொலிஸ் வரலாம், வீட்டுக்காரர் அறையைத் திருப்பிக் கேட்கலாம். எங்களையும் வெளியே எடுக்க இவருடைய தமையன் லண்டனில் முயற்சி செய்துகொண்டிருந்தார். இவர் மட்டும் இந்த ஊரிலேயே கிழவனாகப் போகிறவர் மாதிரிக் கதைப்பார். கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கும். உள்ளுக்குள் ஆசையாகவும் இருக்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவரிடம் இருந்தது யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. சிங்களமோ கடையில் பாண் வாங்கும் அளவுக்குத்தான். அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. செக்பொயின்டில் கதைப்பது நான், பையைத் தூக்குவதும் நான். ஆமிக்காரர் கேட்டால் இவர் அட்டையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

போட் வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அங்கே எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் கணினிச் சாமான் விற்றார். எங்கள் கையில் இருந்த காசுக்கு ஏற்றபடி இரண்டு போட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, பக்கம் செய்யத்தானே? இந்தச் சின்னது போதும். எல்லாம் உள்ளுக்கே ஈக்கி."

இவர் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "இதிலை றாம் போட ரெண்டு இடந்தான் இருக்கு. கிராபிக்ஸ் காட் போட இடமே இல்லை. நாளைக்கு நல்ல ப்ரொசெசர் ஒண்டு வந்தா இதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்."

"நாளைக்கு நாங்கள் எங்கை இருப்பம் எண்டே தெரியாது. உங்களுக்கு ப்ரொசெசர் கேக்குதோ?" என்றேன்.

"எங்கையெண்டாலும் இருப்பம்தானே" என்றார்.

மற்ற போட்டில் றாம் போட நான்கு இடங்கள், கிராபிக்ஸ் காட்டுக்கு ஒரு நீள இடம். எங்களிடம் இருந்த பழைய ப்ரொசெசரும் அதில் உட்காரும், பிறகு வரப்போவதும் உட்காரும். விலைதான் கொஞ்சம் கூட. இவர் விடவில்லை. வெறுமையாக இருந்த ஒவ்வோர் இடத்தையும் தொட்டுத் தொட்டு, இதற்குள் அடுத்த வருடம் என்ன வரும், அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசியில் முதலாளியே வழி சொன்னார். அதே போட் பெட்டியில்லாமல் ஒன்று இருக்கிறது, விலை குறைத்துத் தருகிறேன் என்றார்.

"தங்கச்சி, கேசிங்கக் கொண்டு வாங்களேன். இங்கேயே பூட்டித் தாறேன்" என்றும் சொன்னார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். இன்னொருவர் கை தன் கணினிக்குள் போவது இவருக்கு ஆகாது. வெள்ளிக் கவருக்குள் போட்டு, பத்திரிகைத் தாளால் சுற்றி வாங்கிக்கொண்டார். நான் பையை நீட்டினேன். அமுங்கிவிடும் என்று சொல்லிப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

பம்பலப்பிட்டி தாண்டியதும் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பஸ்ஸுகளில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த மாதம் அது. பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. போட் இவர் கையிலேயே போய்விட்டது என்பது வரிசையில் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டு வாங்கவும் பயம். செக்பொயின்டில் கைமாறும் பார்சலைப் போல வில்லங்கம் வேறில்லை.

ஆமிக்காரன் தாளைப் பிரித்தான். கவரைத் திறந்தவன் ஓர் அடி பின்வாங்கினான்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

நான் வரிசையை விட்டு ஓடினேன். அதற்குள் அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். போட் என்றதும் இவருக்கு ஒப்பந்தமெல்லாம் மறந்துபோயிற்று. தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி அந்த வெறும் இடங்களைக் காட்டி இவை எதற்கு என்று கேட்க, "பஸ்ஸே தான்ன, சேர்" என்றார். அதாவது, பிறகு போட.

"பிறகு என்ன போடப் போகிறாய்?" என்று அதிகாரி சிங்களத்தில் திருப்பிக் கேட்டார். அடுத்ததாக அடையாள அட்டையைக் கேட்டார். அட்டையில் ஊரைப் பார்த்ததும் இவரை மணல் மூட்டைக்குப் பின்னால் கூட்டிப்போய் இருத்தினார்கள்.

நான் கெஞ்சினேன். கடை பில்லைக் காட்டினேன், அதில் 'போட்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இது கணினியின் உள்பாகம், சேர் என்றேன். "கணினி என்றால் மிச்சம் எங்கே? கொண்டுவந்து காட்டு" என்றார். அப்படி விசாரணைக்கென்று இருத்தப்பட்டவர்களில் சிலர் வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. இவரை அங்கே விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் எழவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

பஸ் எங்களை விட்டுப் போய்விட்டது. ஓட்டோவில் வெள்ளவத்தைக்கு ஓடி, வயர்களைப் பிடுங்கி, கேசிங்கைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினேன். தெரிந்த கடவுள் எல்லோரையும் கூப்பிட்டேன். இவரையும் வாயில் வந்தபடி திட்டினேன். சின்னப் போட் என்றால் படம் போட்ட பெட்டியோடு வந்திருக்கும், பேசாமல் அதை வாங்கியிருக்கலாம்!

திரும்பிப் போனபோது இவர் அதே இடத்தில் இருந்தார். சேட் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் சொன்னபடி, அவர்களுடைய மேசையிலேயே பழைய போட்டைக் கழற்றி, அதிலிருந்த ப்ரொசெசரையும் றாமையும் புதியதில் மாட்டி, கேசிங்குக்குள் வைத்தார். திருகாணியெல்லாம் அதே துளைகளில் சரியாக இறங்கின. ஓர் ஆணி கை தவறிக் கீழே விழுந்தது. ஆமிக்காரனே அதைப் பொறுக்கிக் கொடுத்தான்.

மூடியைப் போட முன் அதிகாரி ஒருமுறை குனிந்து பார்த்தார். நான்கில் மூன்று றாம் இடங்கள் வெறுமையாக இருந்தன, அந்த நீள இடமும் வெறுமையாக இருந்தது. எதற்கு என்று முதலில் கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்டார். நான் வாய் திறக்க முன் இவர் சொன்னார்.

"நிகங், சேர்." சும்மா, சேர். "ஒண்டும் போட மாட்டன்" என்று தமிழிலும் சொன்னார்.

மூடி பூட்டியதும் அது ஒரு கணினி ஆகிவிட்டது. அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்றார்கள்.

வீட்டுக் கதவைப் பூட்டியதும், ஒண்டும் போட மாட்டன் என்று இவர் சொன்னது திரும்பவும் காதில் கேட்க, நான் வாய்விட்டு அழுதேன். இவர் என் தோளில் கை வைத்து, "ஏன் அழுகிறீர்? நான்தான் வந்திட்டனே" என்றார். இவர் வந்து சேர்ந்ததற்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.