பக்கத்துத் தறியில் மாமியார்

"இந்தப் பொம்பளைங்க இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க. இதை வெச்சு ஆராய்ச்சியாம்மா?" என்று கேட்டார் என் பேராசிரியர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வேடு கரைசேர அவர் கையெழுத்து வேண்டும். ஆகவே அடக்கமாகத் தலையாட்டினேன். அடக்கம் எனக்குச் சுலபத்தில் வராது. வழியெல்லாம் பழகிக்கொண்டு போயிருந்தேன்.

என் ஆய்வு இதுதான்: சிறுவயதில் பட்ட துன்பங்களைப் பற்றிப் பெண்களிடம் கேட்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் கேள்வித்தாளை நம்பலாம்.

முதல் முறை பள்ளிபாளையத்தில் வீடு வீடாகப் போனேன். எனக்கு நாற்காலி, காப்பி, பக்கத்திலேயே மாமியார்.

"எங்கப்பா அடிக்கறதுங்களா? ஒரு சுடுசொல் சொன்னதில்லீங்க" என்றாள் ஒரு மருமகள். எல்லா மருமகள்களும் அதையே சொன்னார்கள். காவிரிக் கரையில் இத்தனை மகான்கள் பெண் பெற்று வளர்த்த செய்தி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

மறுமுறை போனபோது வீடுகள் பூட்டிக் கிடந்தன. விசைத்தறிக் கூடத்துக்கே போனேன். அந்தச் சத்தத்தில் காதோடு வாய்வைத்துத்தான் கேட்க வேண்டும். அதே மருமகள், இம்முறை பக்கத்தில் மாமியார் இல்லாமல், அறுந்த நூலை முடிந்துகொண்டே சொன்னாள்:

"எங்கப்பனுங்களா? மாட்டுக்கவுறுதானுங்க. இந்தாங்க, தழும்பு."

"அன்னிக்கு இல்லைன்னீங்களே?"

"நல்லாப் படிச்சீங்க போங்க! மாமியா முன்னால பொறந்த ஊட்ட உட்டுக்குடுப்பாங்களா? நாளைக்குச் சண்டையில, உங்கொப்பன் அடிச்சது பத்தலைம்பாங்க."

பேராசிரியர் பூரித்துப்போனார். "பாத்தியா? முரண்படறதையெல்லாம் எடுத்துடு. கையெழுத்துப் போடறேன்."

எடுத்துவிட்டால் மிஞ்சுவது, பக்கத்துத் தறியிலேயே மாமியாரும் வேலைசெய்த பெண்கள். அவர்கள் இரண்டு முறையும் "இல்லீங்க" என்றவர்கள். அப்பழுக்கற்ற நம்பகத்தன்மை.

"அவங்களுக்குத் தறியில மாமியார், சார். அதனாலதான் பதில் மாறல."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அதை எப்படிம்மா அளக்கறது? யோசிச்சுட்டு வா."

யோசித்தாயிற்று. சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்த புதுக் கேள்வித்தாள்கள் என் பையில் இருந்தன. முதல் கேள்வி: 'இப்போது உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?' அன்று காலையே தறிச்சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் அறைக்கு வந்திருந்தேன்.